அந்தக் கடிதத்தைப் படிக்கப் போகிறவர்

மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யைக் கடந்த ஆண்டு முதல் முறை எழுதியபோது கேட்டலிலும் வாசித்தலிலும் 350, பேசுதலில் 330, எழுதுதலில் 260 மதிப்பெண்கள் பெற்றேன். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்வதற்கு அந்நாட்டின் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் முதல் மூன்று பகுதிகளிலும் 350, எழுதுதலில் 300 கேட்கிறது. எழுதுதலுக்கு மட்டும் வரம்பைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். நான் அதிகமாகச் சறுக்கியதும் அதில்தான். தேர்வுக் கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம் என்பதால், மறுபடி பணம் கட்டுவதற்கு முன் எங்கே தவறியது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். அடுத்த ஐந்து மாதங்களில் நான் புரிந்துகொண்டவற்றை, என்னைப் போலவே பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, வார்டு வேலைக்கு நடுவே தயாராகும் செவிலியர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

பொது ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். எழுதாமல் இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று பலர் கேட்டார்கள். ஓ.இ.டி. 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் உருவானது. வெளிநாடுகளில் படித்து அங்கே வந்த மருத்துவப் பணியாளர்கள் தங்கள் வேலைக்குத் தேவையான ஆங்கிலத்தைக் கையாளுகிறார்களா என்று பார்ப்பதற்காக, மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் மொழியியல் அறிஞர் டிம் மெக்னமாரா அதன் வடிவமைப்பில் முக்கியப் பங்கு வகித்தார். மருத்துவம், செவிலியம் தொடங்கி கால்நடை மருத்துவம் வரை 12 தொழில்களுக்கு இந்தத் தேர்வு உண்டு. கேட்டலும் வாசித்தலும் எல்லோருக்கும் பொது, எழுதுதலும் பேசுதலும் தொழிலுக்கேற்ப மாறும். பிரிட்டனின் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் 2017 நவம்பரிலிருந்து செவிலியர்களுக்கு இதை ஏற்றுக்கொள்கிறது. நகர வளர்ச்சியைப் பற்றியோ விளம்பரங்களின் தாக்கத்தைப் பற்றியோ 250 சொற்களில் கட்டுரை எழுதுவதைவிட, அறுவை சிகிச்சை முடிந்த நோயாளியைப் பற்றி எழுதுவது எனக்கு எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்பது ஆண்டுகளாக நான் செய்துவருவது அந்த வேலைதானே என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது.

எழுதுதல் பகுதி மொத்தம் 45 நிமிடங்கள். ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகள் ஓரிரு பக்கங்களுக்குக் கொடுக்கப்படும். முதல் 5 நிமிடங்கள் படிப்பதற்கு மட்டுமே. அந்த நேரத்தில் எழுதவோ அடிக்கோடிடவோ அனுமதி இல்லை. மீதி 40 நிமிடங்களில் 180 முதல் 200 சொற்கள் வரை ஒரு கடிதம் எழுத வேண்டும். நான் முதலில் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில் இதற்கென ஒரு வார்ப்பு கொடுத்தார்கள். தொடக்க வாக்கியம், நடுவே மூன்று பத்திகள், முடிவு வாக்கியம் எல்லாம் மனப்பாடம். நோயாளியின் பெயர், வயது, நோய் ஆகியவற்றை மட்டும் மாற்றிப் போட்டால் போதும் என்றார்கள். நான் அப்படியே செய்தேன். குறிப்பில் இருந்த எல்லாவற்றையும் வரிசை மாறாமல் வாக்கியங்களாக்கி உள்ளே அடைத்தேன். மதிப்பீடு ஆறு தலைப்புகளில் நடக்கிறது: கடிதத்தின் நோக்கத்துக்கு 3 மதிப்பெண், உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், நடை, அமைப்பு, மொழி ஆகிய ஐந்துக்கும் தலா 7. இலக்கணத்தை உள்ளடக்கிய மொழி என்பது ஆறில் ஒன்றுதான் என்பதை நான் கவனித்ததே முதல் முறை தோற்ற பிறகுதான். நான் படித்ததெல்லாம் அந்த ஒன்றுக்காக மட்டுமே.

பயிற்சிக்காக நானே அமைத்துக்கொண்ட ஒரு குறிப்பைச் சொல்கிறேன். 68 வயது முதியவர். இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறார். சர்க்கரை நோய் 12 ஆண்டுகளாக இருக்கிறது. மனைவி இறந்துவிட்டார், தனியாக வசிக்கிறார், மகன் வெளியூரில். சிறு வயதில் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அனுமதிக்கப்பட்ட அன்று இரத்த அழுத்தம் சற்றுக் கூடுதல், மறுநாளே சரியானது. தையல் பிரிக்க வேண்டிய நாள், இரத்தம் உறையாமலிருக்கப் போட வேண்டிய ஊசி, வாக்கர் துணையுடன் எத்தனை அடி நடக்கிறார் என்பதெல்லாம் குறிப்பில் உண்டு. வீட்டுக்கு வந்து காயத்தைக் கவனிக்கப் போகும் கம்யூனிட்டி நர்சுக்கு இதைக் கடிதமாக்க வேண்டும். என் முதல் முயற்சியில் குடல்வாலும் இருந்தது, முதல் நாள் இரத்த அழுத்தமும் இருந்தது. அவர் தனியாக வசிக்கிறார் என்பது சொல் எண்ணிக்கை மிகுந்துவிட்டதால் விடுபட்டுப் போயிருந்தது. ஆனால், வீட்டுக்குப் போகிற செவிலியருக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான். தையலை யார் பார்த்துக்கொள்வார், ஊசியை யார் போடுவார், இரவில் கழிப்பறைக்கு யார் கைகொடுப்பார் என்ற கேள்விகள் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகின்றன.

எனக்குச் சிக்கல் எங்கே என்றால், கம்யூனிட்டி நர்ஸ் என்றொருவரை நான் பார்த்ததே இல்லை. பிரிட்டனில் ஒவ்வொருவரும் தங்கள் பகுதியில் உள்ள ஒரு பொது மருத்துவரிடம் பதிந்துகொண்டிருப்பார்கள், மருத்துவமனை அனுப்பும் கடிதங்கள் அவருக்குப் போகும், வீட்டுக்கு வந்து காயத்துக்குக் கட்டு மாற்றும் செவிலியர்கள் தனியே உண்டு என்றெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேனே தவிர, எங்கள் மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சம்மரி என்பது நோயாளியின் உறவினர் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தும் தாள். அதைப் படித்துவிட்டு நாளைக் காலை ஒருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டப்போகிறார் என்ற எண்ணம் எனக்கு ஒருபோதும் வந்ததில்லை.

அந்த எண்ணத்தை எனக்குக் கொடுத்தவர் எங்கள் ஊரின் கிராம சுகாதார செவிலியர். சமவெளிப் பகுதிகளில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அங்கே இருக்கும் அக்கா தடுப்பூசிப் பதிவேட்டையும் கர்ப்பிணிகளின் பட்டியலையும் தோளில் சுமந்துகொண்டு தெருத்தெருவாக நடப்பதைச் சிறுமியாக இருந்த நாளிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஒரு விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, என் பயிற்சிக் கடிதம் ஒன்றைத் தமிழில் சொல்லி, “அக்கா, இந்த ஆளு நாளைக்கு உங்க ஊருக்கு வர்றாருன்னு வச்சுக்கோங்க. உங்களுக்கு என்னென்ன தெரியணும்?” என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “வீட்ல யார் இருக்கா? கட்டு எப்பப் பிரிக்கணும்? என்ன ஆனா உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்? இதைச் சொல்லு, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றார். அன்று இரவே அந்தக் கடிதத்தைத் திரும்ப எழுதினேன். 230 சொற்களில் இருந்தது 190க்குள் வந்துவிட்டது. அதன் பிறகு எழுதிய நாற்பதுக்கும் மேற்பட்ட கடிதங்களையும் அந்த அக்காவை மனத்தில் வைத்தே எழுதினேன். படிப்பவர் உணவியல் நிபுணராகவோ முதியோர் இல்லப் பொறுப்பாளராகவோ மாறும்போது, அவர் அக்காவின் இடத்தில் நின்று வேறு மூன்று கேள்விகள் கேட்பதாக நினைத்துக்கொண்டேன். உணவியல் நிபுணருக்கு அந்த 12 ஆண்டுச் சர்க்கரை முதல் பத்திக்கு வரும். தையல் பிரிக்கும் நாள் ஒரு சொற்றொடராகச் சுருங்கிவிடும்.

இன்னொன்றும் அப்போதுதான் பிடிபட்டது. நாம் ஒரு விஷயத்தைச் சொல்லும்போது முதலில் பின்னணி, பிறகு காரணம், கடைசியில் வேண்டுகோள் என்று போவோம். எடுத்த எடுப்பில் கேட்பது மரியாதைக் குறைவு என்ற பழக்கம் விடுமுறைக் கடிதத்திலிருந்தே நம்மோடு வருகிறது. தமிழ் வாக்கியத்திலும் வினைமுற்று கடைசியில்தான் நிற்கிறது. இந்தத் தேர்விலோ, எதற்காக எழுதுகிறோம், அவர் என்ன செய்ய வேண்டும் என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிட வேண்டும். நோக்கத்துக்கென்று ஒதுக்கிய 3 மதிப்பெண் அதற்குத்தான். இதைப் பழக்கிக்கொள்ள எனக்கு இலக்கணத்தைவிட அதிக நாட்கள் ஆயின. இலக்கணத்தில் என்னை வருத்தியவை பெயருக்கு முன் வரும் ஏ, ஆன், தி என்ற சிறு சொற்கள். தமிழில் அவற்றுக்குச் சரியான இணை இல்லை. வார்டில் நாம் எழுதும் குறிப்பு ஆங்கிலத்திலும் அவை இருப்பதில்லை, வினைச்சொற்கள்கூடப் பாதி இருப்பதில்லை. தினமும் பணி முடிந்ததும் என் சொந்தக் குறிப்புகளில் மூன்று வரிகளை எடுத்து, நோயாளியின் அடையாளம் எதுவும் இல்லாமல், முழு வாக்கியங்களாக எழுதிப் பார்த்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது.

வாசித்தலைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. முதல் பகுதியில் 15 நிமிடங்களில் 20 கேள்விகள் என்பதால், பத்தியை முழுதாகப் படிக்கும் ஆசையை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். கேட்டலில் ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். அதில் என்னைத் தடுக்கியவை எண்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டையும் நாம் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில் சொல்லிப் பழகியவர்கள். ஒலிப்பதிவில் பேசுபவர்கள் முதலாவதில் கடைசி அசையையும் இரண்டாவதில் முதல் அசையையும் அழுத்துகிறார்கள். 15 மில்லிகிராமுக்கும் 50 மில்லிகிராமுக்கும் உள்ள வேறுபாட்டைச் செவிலியருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் முழுக்க எண்களை மட்டுமே கேட்டு எழுதினேன்.

பேசுதலில் இரண்டு நாடகங்கள். ஒவ்வொன்றுக்கும் அட்டையைப் படிக்க மூன்று நிமிடங்கள், பேச ஏறக்குறைய ஐந்து நிமிடங்கள். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். முதல் முறை நான் தடையில்லாமல் பேசினேன், இருந்தும் 330தான். ஆங்கிலத்தோடு சேர்த்து, நோயாளியிடம் எப்படி உறவை ஏற்படுத்துகிறோம், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்கிறோமா, சொன்னது புரிந்ததா என்று நடுவே நிறுத்திப் பார்க்கிறோமா என்பதற்கெல்லாம் அங்கே மதிப்பெண் இருக்கிறது. நானோ ஐந்து நிமிடமும் விளக்கிக்கொண்டே இருந்தேன். ஆங்கிலத்தில் அதை மாற்றப் பார்த்தேன், முடியவில்லை. எனவே தமிழில், வார்டிலேயே மாற்றத் தொடங்கினேன்.

அப்போது இன்சுலின் வேண்டாம் என்று அடம்பிடித்த ஒரு அம்மா இருந்தார். வழக்கம்போல “ஒன்னும் ஆகாதும்மா, பயப்படாதீங்க” என்று சொல்லாமல், “ஊசின்னா உங்களுக்கு என்னம்மா தோணுது?” என்று கேட்டுவிட்டு நிறுத்தினேன். சிறிது நேரம் கழித்து, தன் அக்காவுக்கு ஊசி ஆரம்பித்த மூன்றாம் மாதம் காரியம் நடந்தது என்றும், ஊசி வந்தால் கடைசிக் கட்டம் என்று ஊரில் பேசிக்கொள்வதாகவும் சொன்னார். நான்கு நாட்களாக ஊசியின் வலியைப் பற்றித்தான் நாங்கள் அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவருடைய அக்காவுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது என்பதை அவர் வாயாலேயே கேட்ட பிறகு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. மறுநாள் காலை ஊசிக்கு அவரே கையை நீட்டினார். அந்த உரையாடலைத்தான் பிறகு ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பப் பேசிப் பழகினேன். தங்கையை அந்த அம்மாவாக உட்காரவைத்து, எதற்கும் ஒத்துக்கொள்ளாதே என்று சொல்லி வைத்தேன்.

இரண்டாம் முறை எழுதியபோது எழுதுதல் பகுதியின் முதல் ஐந்து நிமிடங்களில் பேனாவைத் தொட முடியாமல் இருப்பது எனக்கு உதவியாகவே இருந்தது. குறிப்பை இரண்டு முறை படித்து, எதையெல்லாம் விடப்போகிறேன் என்று மட்டும் முடிவு செய்தேன். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தபோது 194 சொற்கள். கேட்டலில் 370, வாசித்தலில் 360, எழுதுதலில் 340, பேசுதலில் 390 என்று முடிவு வந்த அன்று, வீட்டுக்குச் சொல்வதற்கு முன்பே துணை சுகாதார நிலையத்துக்குத்தான் போன் செய்தேன். அக்கா தடுப்பூசி முகாமில் இருந்தார். குழந்தைகளின் அழுகை பின்னால் கேட்டது. “சரி, சாயங்காலம் கூப்பிடு, முழுசாச் சொல்லு” என்று வைத்துவிட்டார்.