லயன் காம்பராவுக்கு ஏற்ற ஆர்கேட் ஜாய்ஸ்டிக்

மாதத்தில் இரண்டு வார இறுதிகளில் நான் கண்டியிலிருந்து ஹட்டன் வழியாக மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போகிறேன். மடிக்கணினியோடு, வீடியோ விளையாட்டு ஆட நெம்புகோலும் பொத்தான்களும் பொருத்திய பெட்டியான ஒரு ஆர்கேட் ஜாய்ஸ்டிக்கையும் எடுத்துப் போக விரும்பி இணையத்தில் தேடியபோது, கிடைத்த ஆலோசனைகள் எல்லாம் பெரிய மேசையும் தனி அறையும் உள்ளவர்களுக்குச் சொன்னவையாகவே இருந்தன. என்னிடம் இருப்பதோ பஸ்ஸில் மடியில் வைக்கும் ஒரு பையும், தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளில் ஒன்றான, பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு லயன் காம்பராவும்தான்.

கனமான அடித்தகடு கொண்ட பெரிய ஜாய்ஸ்டிக் அசையாமல் நிற்கும், ஆனால் பைக்குள் போகாது. மலிவான சின்னஞ்சிறியவற்றில் பொத்தான்கள் மின்சுற்றுப் பலகையோடு சேர்ந்தே இருப்பதால், ஒன்று பழுதானால் மாற்ற வழியில்லை. ஆகவே கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றைக் கண்டதும், அடிமூடியைத் திறந்து பார்க்க முதலில் அனுமதி கேட்டேன். பொத்தான் துளைகள் 30 மில்லிமீற்றர் விட்டத்தில் இருந்தன. வயர்கள் பற்றவைக்கப்படாமல் செருகப்பட்டிருந்தன. பழுதானதைத் தனித்தனியே மாற்றலாம் என்று தெரிந்தது; விலை பேச அது போதுமானதாக இருந்தது.

நெம்புகோலை மாற்ற, ஜப்பானிய நிறுவனமான சன்வாவின் ஜே.எல்.எஃப். வகையை வாங்கினேன். அதன் தண்டு சாயும்போது நான்கு பக்கமும் உள்ள மைக்ரோ சுவிட்சுகளில் ஒன்றை அழுத்தும்; மூலைக்குச் சாய்ந்தால் இரண்டு சேர்ந்து அழுந்தும், அதுவே மூலைத்திசை. அடியில் உள்ள சதுரத் தடுப்புத் தட்டின் மூலைகள் அந்தத் திசைகளைக் கைக்குக் காட்டிக்கொடுக்கின்றன. எண்கோணத் தட்டும் தனியாகக் கிடைக்கிறது. வட்டமாகச் சுழற்ற அது இதமாக இருந்தாலும், நான் சதுரத்துக்கே திரும்பிவிட்டேன். உருண்டைக் கைப்பிடியைக் கழற்ற, தண்டின் அடிமுனையில் உள்ள வெட்டில் தட்டைத் திருப்புளியை வைத்துப் பிடித்துக்கொண்டு, மேலே உருண்டையைத் திருகினால் போதும். உள்ளே இருக்கும் சிறு கவ்வி வளையத்தைக் கழற்றுவதுதான் வில்லங்கம்: என்னுடையது துள்ளிப் பறந்து, அம்மா முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த அரிசிக்குள் விழுந்தது. இருவருமாகக் கால் மணிநேரம் அரிசியைக் கிளறினோம்.

இந்த வேலையில் பாதி சத்தத்தைப் பற்றியதுதான். விடியுமுன் எழுந்து கொழுந்துக்குப் போகிறவர்கள் இரவு ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார்கள்; எங்கள் சுவரோ கூரைத்தகரம் வரை எழும்பவில்லை. "என்னா தம்பி, ராவெல்லாம் டைப் அடிக்கிறியா?" என்று பக்கத்துக் காம்பராப் பெரியம்மா ஒரு காலையில் கேட்டபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. பொத்தானைத் திறந்து பார்த்தால், சுவிட்சின் சொடுக்கைவிட, பிளாஸ்டிக் தலை மேலும் கீழும் மோதும் சத்தமே பெரிதென்று தெரிந்தது. பொதிக்குள் வந்த மெல்லிய ஃபோம் தாளை வளையமாக வெட்டித் தலையின் அடியில் வைத்தேன். முதலில் வெட்டியவை தடித்துப்போனதால் முழுவதும் அழுத்தியும் சுவிட்ச் வேலைசெய்யவில்லை; ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பே சரிவந்தது. சத்தமற்ற பொத்தான்களைச் சன்வாவே செய்கிறது என்றாலும், ஆறு பொத்தான்களையும் ஒரே தடவையில் மாற்ற என் சம்பளம் இடம்தரவில்லை. 1991 இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை விளையாட்டை ஆடுபவனுக்கு ஆறில் ஒன்றுகூடக் குறையக்கூடாது. பெட்டியின் வெற்றிடத்தில் மிச்ச ஃபோமை அடைத்ததும், மத்தளம் போன்ற அதிர்வு அடங்கியது. இப்போது கம்பளியை மடித்து மடியில் போட்டு அதன் மேல் வைத்தே ஆடுகிறேன்.

வயர் விடயத்தில் ஏமாந்தேன். பொத்தான்களின் செருகுநாக்குகள் 2.8 மில்லிமீற்றர் அகலம். நான் அவசரமாக வாங்கிய வயர்முனைகளோ 4.8 மில்லிமீற்றருக்கானவை. குறட்டால் நெரித்து மாட்டினேன். அடுத்த பஸ் பயணத்திலேயே மூன்று கழன்றன. பிறகு சரியான முனைகளை வாங்கி, ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு மின்னணுப் பலகையில், பொத்தான் அழுத்தங்களைக் கணினிக்குச் சொல்லும் ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளை ஏற்றி, எல்லாப் பொத்தான்களுக்கும் ஒரே பொது நிலவயரை (கிரவுண்ட் வயர்) தொடராக ஓட்டினேன். கணினிக்கு அது போதும்.

உடைந்திருந்த அடிமூடிக்குப் பதிலாக, வீட்டில் கிடந்த பழைய தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையை அறுத்துப் பொருத்தி, வழுக்காதிருக்கச் சைக்கிள் டியூப் துண்டுகளை ஒட்டியிருக்கிறேன். எங்கள் பக்கத்து ஈரம் மூடிய பெட்டியையும் விடுவதில்லை. சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டை உள்ளே போட்டும், இந்தத் தென்மேற்குப் பருவமழைக்குப் பின் நெம்புகோலைத் தாங்கும் இரும்புத் தகட்டின் ஒரு மூலையில் துரு பிடித்திருந்தது. அதைச் சுரண்டி, அக்காவின் நகப்பூச்சைத் தடவி வைத்தேன். நிறம் கடும் சிவப்பு. போத்தல் குறைந்திருப்பதை அக்கா இன்னும் கவனிக்கவில்லை.