முத்தத்துக்கு முன்பே திரும்பிவிடும் கேமரா

நாகர்கோவிலில் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு வேலை. வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களின் பழைய எபிசோடுகளைப் பார்த்து ஒவ்வொரு காட்சிக்கும் குறிப்பு எழுத வேண்டும். எந்த இடம், யார் யார் இருக்கிறார்கள், எந்த நொடியில் தொடங்கி எதில் முடிகிறது, சண்டையா, அழுகையா, கல்யாணமா, முத்தமா என்று எல்லாம். நாங்கள் இதை லாகிங் என்போம். வயது வரம்பு போடுவதும் முன்னோட்டத்துக்குத் துண்டு வெட்டுவதும் இந்தக் குறிப்பை வைத்துத்தான்.

எந்தத் தொடர்களைப் பார்க்கிறோம் என்று வெளியே சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஆகவே இங்கே நான் பெயர் சொல்லி எழுதுபவை தொலைக்காட்சி வரலாற்றில் ஏற்கெனவே பதிவானவை மட்டும். ஆனால் அவற்றைப் பற்றி யோசிக்கும் கண்ணைக் கொடுத்தது இந்த வேலை.

அமெரிக்காவின் பகல்நேரத் தொடர்கள் வாரத்துக்கு ஐந்து நாள், வருடம் முழுக்க, பல பத்தாண்டுகள் ஓடியவை. ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ 1956 ஏப்ரலில் தொடங்கியது. நம் மாவட்டம் திருவிதாங்கூர் கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த அதே வருடம்! தயாரித்தது சோப்பு விற்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள். வீட்டில் இருக்கும் பெண்களுக்கு மத்தியானத்தில் கதை, நடுவில் சோப்பு விளம்பரம். அம்மா, மகள், பேத்தி என்று ஒரே வீட்டில் மூன்று தலைமுறை ஒரு குடும்பத்தின் கதையைத் தொடர்ந்து பார்க்க முடிந்தது. சினிமாவில் ஒரு ஜோடியை இரண்டு மணி நேரம் பார்க்கிறோம். இங்கே வருடக்கணக்கில் அவர்களோடு காப்பி குடிக்கிறோம்.

இந்தத் தொடரில்தான் லூக் என்ற பையனும் நோவா என்ற பையனும் 2007 ஆகஸ்ட் 17 அன்று முத்தமிட்டார்கள். அமெரிக்கப் பகல்நேரத் தொடரில் இரண்டு ஆண்களின் முதல் முத்தம் அது. பழமைவாத அமைப்பு ஒன்று எதிர்ப்புக் கிளப்பியது. அந்தச் செப்டம்பருக்குப் பிறகு பல மாதங்கள் அவர்கள் திரையில் முத்தமிடவே இல்லை. பிரியவில்லை, சண்டையும் இல்லை. காதலர்களாகவே இருந்தார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், அதோடு சரி. கிறிஸ்துமஸ் எபிசோடில் இருவரும் மிசில்டோ கொத்துக்குக் கீழே நின்று முகத்தை நெருக்குகிறார்கள். அந்தக் கொத்தின் கீழே நிற்பவர்கள் முத்தமிட வேண்டும் என்பது அவர்கள் ஊர் வழக்கம். சரியாக அந்த நொடியில் கேமரா மேலே போய் இலைகளைக் காட்டுகிறது. ரசிகர்கள் கடைசி முத்தத்திலிருந்து நாட்களை எண்ணிக் கடிதம் எழுதினார்கள். 2008 ஏப்ரலில்தான் அடுத்த முத்தம் வந்தது.

நான் பார்க்கும் வேலை இப்படிப்பட்ட நொடிகளைப் பளிச்சென்று காட்டிக் கொடுக்கும். ஒரே எபிசோடில் ஆணும் பெண்ணுமான மூன்று ஜோடிகள் வருவார்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கன்னத்தில் ஒரு முத்தம், சமையலறையில் தோளில் ஒரு கை. கதைக்கு அதனால் ஒன்றும் ஆகாது, சும்மா வரும். குறிப்பெழுதி நமக்குக் கை வலிக்கும். இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ உள்ள ஜோடி வந்தால் அந்தச் ‘சும்மா’ காணாமல் போகும். அவர்கள் தொட்டால் அது ஒரு நிகழ்ச்சி. பின்னணி இசை கூடும், விளம்பர இடைவேளை வரும்.

பெரிய நிகழ்ச்சிகளுக்குக் குறைவே இல்லை. ‘ஆல் மை சில்ட்ரன்’ தொடரில் பியாங்கா 2000இல் தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்ற உண்மையைத் தன் தாயிடம் சொன்னாள். 2003இல் லீனாவோடு முத்தம். அதே வருடம் பியாங்காவைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள் கதாசிரியர்கள். 2009 பிப்ரவரியில் ரீஸ் என்ற பெண்ணோடு கல்யாணம், சீக்கிரமே பிரிவு. ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ தொடரில் வில்லும் சன்னியும் 2014 ஏப்ரலில் கல்யாணம் செய்தார்கள். அடுத்த வருடம் வில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டான். (2017இல் உயிரோடு திரும்பினான். பகல்நேரத் தொடரில் சாவு நிரந்தரமில்லை என்பது வேறு கதை.) நான் முதலில் சொன்ன லூக்குக்கு அப்புறம் ரீட் என்ற டாக்டர் கிடைத்தான். 2010இல் தொடர் முடியப்போகும் நேரத்தில் ரயில் மோதி ரீட் செத்தான். அவன் இதயத்தை எடுத்து இன்னொருவனுக்குப் பொருத்தினார்கள்.

இந்தத் தொடர்களில் எல்லாருக்கும்தான் துன்பம் வருகிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மற்ற ஜோடிகளுக்குத் துன்பங்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கான சாதாரண மத்தியானங்கள் கிடைத்தன. இவர்களுக்குக் கல்யாணம் கிடைத்தது, சாவு கிடைத்தது. மத்தியானம் கிடைக்கவில்லை. என் மனக்குறை அங்கேதான் இருக்கிறது.

என் அம்மா முளகுமூட்டில் இருக்கிறாள். மத்தியானச் சாப்பாடு முடிந்தால் தமிழ் சீரியல், சாயந்திரம் மலையாள சீரியலும் உண்டு. ஒருநாள் மரச்சீனிக் கிழங்கு தொலித்துக்கொண்டிருந்தபோது ‘கைடிங் லைட்’ தொடரின் ஒலிவியா, நடாலியா கதையைச் சொன்னேன். நடாலியா பக்தியுள்ள கத்தோலிக்கப் பெண். இருவரும் ஒரே வீட்டில், பிள்ளைகளோடு. ஒலிவியாவின் சின்ன மகள் எம்மா பள்ளிக்கூடத்தில் ‘என் இரண்டு அம்மாக்கள்’ என்று ஒரு பாடம் செய்து காட்டுகிறாள். பெரியவர்கள் தங்கள் மனதைப் பார்த்துக்கொள்ளும் முன்பே குழந்தை சொல்லிவிட்டது. அப்புறம் நடாலியா வேறொரு ஆளைக் கட்டிக்கொள்ளப் போய், கல்யாணத்தன்று ஓடி வந்துவிடுகிறாள்.

அம்மா கத்தியை வைத்துவிட்டாள். “கோயில்ல இருந்தா எறங்கி வந்தா?”

ஆமாம் என்றேன்.

“அந்தப் பிள்ளைக்க டீச்சரு என்ன சொன்னாவ?”

அம்மா எம்மாவைப் பற்றித்தான் கவலைப்பட்டாள். அடுத்த நாளும் கேட்டாள். நியாயமா, பாவமா என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை. நான் எடுத்திருந்தால் அவளுக்கும் ஒரு பதில் இருந்திருக்கும், அது எனக்குப் பிடிக்காத பதிலாகவும் இருந்திருக்கலாம். கதைக்குள் இருந்தபோது அவள் அந்த வீட்டுக்காரர்களின் பக்கம் நின்றாள். காதலைச் சொல்லிக்கொண்ட பிறகும் அந்த இரண்டு பெண்களுக்கு, 2009 செப்டம்பரில் தொடர் முடியும்வரை, ஒரு காதல் முத்தம்கூடக் காட்டப்படவில்லை. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. கேட்டவள் எம்மாவைப் பற்றி அல்லவா கேட்டாள்.

இனி அலுவலகத்தில் நடந்தது. எங்கள் படிவத்தில் ஆண், பெண் முத்தத்துக்கு ‘காதல்’ என்று ஒரு கட்டம். இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ முத்தமிட்டால் ‘கவனம்’ என்ற சிவப்புக் கட்டம். அடிதடி, ரத்தம், போதை எல்லாம் போகும் கட்டம் அது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, நாங்கள் சேர்வதற்கு முன்பே அப்படி இருந்தது. குளச்சலிலிருந்து வரும் ஒரு தங்கை ஒருநாள் என் பக்கம் திரும்பி, “அக்கா, இவங்க நெத்தியிலதான முத்தம் குடுக்காங்க, இதுக்கு ஏன் சிவப்பு?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது எனக்கு உறைத்தது. சிவப்பு விழுந்தால் அந்தக் காட்சி முன்னோட்டத்தில் வராது, குடும்பத்தோடு பார்க்கும் வரிசையிலும் வராது. பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த ஜோடி எட்டாமலே போகலாம். மிசில்டோவைக் காட்டிய கேமராக்காரர் செய்ததை, நாகர்கோவிலில் உட்கார்ந்து நாங்களும் செய்துகொண்டிருந்தோம். எங்கள் மேலாளரிடம் போனோம். “வாடிக்கையாளர் கேட்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்றார். நாங்கள் விடவில்லை. வாடிக்கையாளரிடமே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்க அவர் சம்மதிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பதில் ஒரே வரியில் வந்தது: முத்தம் என்றால் முத்தம், ஒரே கட்டம் போதும். பழைய கோப்புகளைத் திருத்த மட்டும் இன்றுவரை நேரம் ஒதுக்கப்படவில்லை. நானும் அந்தத் தங்கையும் வேலை குறைந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துகிறோம்.

நம் நாட்டில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத்தவரின் உறவு குற்றமில்லை என்றது. 2023 அக்டோபரில் திருமண உரிமையை மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டார் அடைத்துவைத்த ஒரு இளம்பெண்ணை அவள் இணையோடு போகவிட்டது. குடும்பம் அமைவதற்குக் கல்யாணம் மட்டுமே வழி இல்லை என்றும் சொன்னது. அவளை அடைத்துவைத்ததும் வீடுதான். எந்த வீட்டிலும் மத்தியானம் ஒரு தொலைக்காட்சி ஓடுகிறது.

தமிழ் சீரியல் எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இரண்டு பெண்களை ஒரு வீட்டில் வையுங்கள். முதல் வாரமே உண்மை வெடிக்க வேண்டாம், தற்கொலை முயற்சி வேண்டாம், டாக்டரிடம் கூட்டிப்போகும் அண்ணனும் வேண்டாம். வடசேரியில் வாடகை வீடு தேடட்டும். ரேஷன் கார்டில் எப்படிப் பெயர் சேர்ப்பது என்று குழம்பட்டும். மீன்கறிக்குப் புளி கூடிப்போனதற்குச் சண்டை போடட்டும். ஒருத்தியின் அம்மா கிறிஸ்துமஸுக்கு வந்து மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு, நான்காம் நாள் அரிசி களையட்டும். வேலைக்குக் கிளம்பும்போது ஒருத்தி மற்றவள் கன்னத்தில் முத்தமிட்டால், கேமரா அங்கேயே நிற்கட்டும்.