குழாய்ச் சத்தம்

பூனையின் இதயத் துடிப்பைக் கேட்பதில் ஒரு தொல்லை உண்டு. மேஜையில் ஏற்றி ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததுமே சில பூனைகள் குர்ர்ர் என்று ஆரம்பித்துவிடும். வினாடிக்கு 25, 30 அதிர்வுகள். நெஞ்சுக்கூடு முழுக்க மோட்டார் ஓடும்போது உள்ளே துடிப்பதை எப்படி எண்ணுவது? அதற்கு நாங்கள் செய்வது, பக்கத்தில் இருக்கும் கை கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிடுவது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் பெரும்பாலான பூனைகள் காதைத் தூக்கிக்கொண்டு சட்டென்று நிறுத்திவிடும். அந்தச் சில வினாடிகளில் எண்ணி முடித்துவிட வேண்டும். கல்லூரியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு உதவியாளர் சொல்லித் தந்தார்.

எங்கள் வீட்டுப் பொட்டுவிடம் இந்த வித்தை பலிக்காமல் போனது அவளுடைய கடைசி வருடத்தில்தான். குழாயைத் திறந்தால் போதும், எந்த அறையில் இருந்தாலும் ஓடி வந்து தொட்டிமேல் ஏறி, வழியும் தண்ணீரை நக்குவாள். என் மகள் அதை வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். நானும் சிரித்தேன். பூனைகளுக்கு வைத்தியம் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் நான், பதின்மூன்று வயதுப் பூனை திடீரென்று தண்ணீரைத் தேடி ஓடுவதைப் பார்த்துச் சிரித்தேன்.

வேறு யாராவது வந்து இதையே சொல்லியிருந்தால் அடுத்த கேள்வியை யோசிக்காமல் கேட்டிருப்பேன்: சிறுநீர் அதிகம் போகிறதா? பூனை பாலைவன வம்சம். குறைவாகக் குடித்து, சிறுநீரைக் கெட்டியாக்கி, உடம்பில் நீரைச் சேமித்துக்கொள்ளும். அது நிறையக் குடிக்கிறது என்றால் அந்தச் சேமிப்பு வேலையைச் சிறுநீரகம் கைவிட்டுவிட்டதோ என்று பார்க்க வேண்டும். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் பொதுவாக இது வெளியே தெரியும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறுவதற்குள் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும். இதை எத்தனையோ பேருக்குப் படம் வரைந்து விளக்கியிருக்கிறேன்.

ஒருநாள் அவளைத் தடவும்போது முதுகெலும்பு கையில் இடறியது. மறுநாள் கூடையில் வைத்து என்னோடு வேலைக்கு எடுத்துப் போனேன். எடை மெஷினில் 3.6 கிலோ. முன்பு எவ்வளவு என்று பார்க்கக் கோப்பைத் தேடினேன். உதவியாளர் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, தயங்கிக்கொண்டே, “மேடம், பொட்டு பேர்ல கார்டே இல்லையே” என்றார். இல்லைதான். தடுப்பூசியெல்லாம் வீட்டுக்கு எடுத்துப் போய், சோபாவில் வைத்தே போட்டுவிடுவேன். யார் எழுதி வைத்தார்கள்? அப்புறம் ஒரு பழைய டைரியில் கிடைத்தது, 4.5 கிலோ. மூன்று வருடத்துக்கு முந்தையது.

கேட்பதற்குத் தொள்ளாயிரம் கிராம்தான். ஆனால் அது ஐந்தில் ஒரு பங்கு. அறுபது கிலோ மனிதர் பன்னிரண்டு கிலோ இளைத்தால் தெருவில் போகிறவர்கூட நிறுத்தி விசாரிப்பார். பூனைக்கு மட்டும் ரோமம் மூடிக்கொள்கிறது. தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு அது கடைசியாகத்தான் தெரியும். வைத்தியர் கண்ணுக்கும் அப்படியே என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சிறுநீரகம்தான். அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தாள். முறை தவறாமல் தோலுக்கடியில் நூறு மில்லி திரவம் ஏற்ற வேண்டும். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கி ஊசியை நுழைத்தால், திரவம் இறங்க இறங்க அங்கே ஒரு திமில் எழும்பும். “ஒட்டகம் வந்தாச்சு” என்பாள் மகள். அவள்தான் பிடித்துக்கொள்வாள். ஓரிரண்டு மணி நேரத்தில் திமில் கீழே இறங்கி ஒரு காலில் தொங்கும், அப்புறம் கரைந்துவிடும். ஆயிரம் பூனைகளுக்கு ஊசி போட்ட கை வீட்டில் நடுங்கியது. ஒருமுறை ஊசியைத் தோலின் ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் வெளியே எடுத்து, தரையெல்லாம் திரவம். பயிற்சிக்கு வரும் மாணவர்கள் இப்படிச் செய்தால் முறைப்பேன்.

ஒரு மாலை, ஏற்றி முடித்துக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்: “அம்மா, முன்னாடியே பாத்திருந்தா?” அவள் குற்றம் சொல்லவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். இந்தக் கேள்விக்கு என்னிடம் பல வருடமாக ஒரு பதில் தயாராக இருந்தது. ‘பூனை நோயை மறைக்கும் பிராணி, உங்களால் கண்டுபிடித்திருக்க முடியாது.’ பாதி உண்மை. அந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லி, தோளைத் தட்டி, அடுத்தவரை உள்ளே அழைத்திருக்கிறேன். அன்று வாயில் வரவில்லை. “பாத்திருக்கலாம்” என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வேறொன்றும் சொல்லவில்லை.

கடைசி முடிவுக்கு நம்மிடம் நல்ல வார்த்தை இல்லை. ‘கருணைக்கொலை’ என்று எழுதுவார்கள். அந்தப் படிவத்தை நீட்டும்போது அந்த வார்த்தையின் இரண்டாம் பாதியை யாரும் படித்துவிடக் கூடாதே என்றிருக்கும். வருகிறவர்கள் “ஊசி போட்டுவிடலாமா டாக்டர்?” என்பார்கள். எந்த ஊசி என்று கேட்க வேண்டியதில்லை, குரலே சொல்லிவிடும். குழந்தைகள் இருந்தால் “தூங்க வைக்கப் போறாங்க” என்பார்கள். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அன்று இரவு அந்தக் குழந்தையும் தூங்க வேண்டுமே. இறந்துவிடும் என்று சொன்னால் அழுவார்கள், ஆனால் புரிந்துகொள்வார்கள்.

நடக்கப்போவதையும் முன்கூட்டியே சொல்வேன். முதலில் மயக்க ஊசி. பிறகு முன்னங்காலின் ரத்தக்குழாய் வழியே, அளவு கூட்டிய மயக்க மருந்து. ஒன்றிரண்டு நிமிடத்தில் இதயம் நிற்கும். கண் மூடாது, இமையை நாம் இழுத்தாலும் நிற்காது. நின்ற பிறகும் ஒரு மூச்சு வரலாம், அது உயிர் இல்லை. இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிற நான், என் முறை வந்தபோது கண் மூடும் என்று ஒரு கணம் எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனேன். ஒரு வாரத்தில் வயதான ஒருவர் தன் பூனையைக் கூடையில் கொண்டுவந்தார். பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, அதே கேள்வி. “எங்க வீட்டுப் பூனைக்கும் இப்படித்தான் ஆச்சு. நானும் லேட்டாத்தான் பார்த்தேன்” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அது ஆறுதலா, இல்லை இந்த டாக்டரை மாற்ற வேண்டுமோ என்ற யோசனையா, தெரியவில்லை. ஆனால் அடுத்த வாரமும் வந்தார்.

இப்போது நகம் வெட்ட மட்டும் வரும் பூனையைக்கூட எடை பார்க்காமல் அனுப்புவதில்லை. எண்களைக் கார்டின் பின்பக்கத்தில் கோடாக வரைந்து காட்டுகிறேன். மனிதர்கள் ஏறி நிற்கும் மெஷினில் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று கழித்துப் பார்த்தால் நூறு இருநூறு கிராம் வித்தியாசம் பிடிபடாது, குழந்தைகளை நிறுக்கும் மெஷின் வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். சிலர் இதைக் கொஞ்சம் அதிகப்படியாக நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

அந்தக் கடைசி நாளில் என்னால் ஊசியைத் தொட முடியவில்லை. கூட வேலை பார்க்கும் நண்பரிடம் கேட்டுக்கொண்டேன். பொட்டுவை மேஜையில், அவளுடைய பழைய துண்டின் மேல் படுக்க வைத்தோம். மகள் தலைமாட்டில் நின்றாள். நண்பர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் அவள் குர்ர்ர் என்று ஆரம்பித்தாள். பூனைகள் வலியிலும் அந்தச் சத்தம் போடும். அது மகிழ்ச்சி என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான், முடியாது.

நண்பர் பழக்க தோஷத்தில் கையை நீட்டிக் குழாயைத் திறந்தார். சத்தம் நிற்கவில்லை. பொட்டு தலையை மட்டும் மெல்லத் தூக்கி, தண்ணீர் விழும் பக்கம் திரும்பினாள். நான் உள்ளங்கையில் பிடித்து அவள் வாயருகே கொண்டுபோனேன். நக்கினாள். நாலைந்து முறை. நண்பர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவள் குடித்து முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.