அம்மாவின் நேர்ச்சையோடு வேளாங்கண்ணியில் ஒரு கிறிஸ்துமஸ்

புற்றுநோய் தீர்ந்தால் வரும் கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி மணல்பாதையை முழந்தாளிலேயே கடப்பேன் என்று ஆரோக்கிய மாதாவுக்கு அம்மா நேர்ந்துகொண்டிருந்தார். நோய் தீரவில்லை. மரித்த விசுவாசிகளை நினைக்கும் நவம்பர் மாதத்திலேயே அம்மாவைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். துக்க வீடு என்பதால் வாசலில் நட்சத்திரம் கட்டவில்லை, பலகாரம் சுடவில்லை. கேட்டது கிடைக்காதபோது நேர்ச்சை எதற்கு என்று தம்பி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அம்மா சொன்ன சொல் நிறைவேறாமல் நிற்பதைத் தாங்க முடியாமல், அப்பாவை அழைத்துக்கொண்டு டிசம்பர் 24 அன்று புறப்பட்டேன்.

பேருந்தை விட்டு இறங்கியதுமே விடுதித் தரகர்கள் பையைப் பிடித்து இழுத்தார்கள். மெழுகுவர்த்தி விற்பவர்கள் அப்பாவின் தளர்ந்த நடையையும் பொருட்படுத்தாமல் வழிமறித்தார்கள். நோயையும் கண்ணீரையும் சுமந்து வருகிறவர்களை மாதாவின் வாசலிலேயே இப்படி அலைக்கழிப்பது பெரும் வேதனை.

பேராலயத்திலிருந்து பழைய மாதா கோயில் நோக்கிச் செல்லும் மணல்பாதையில் மாலை முழந்தாளிட்டேன். பாதி வழியில் தோல் உரிந்து, மணல் காயத்தில் ஒட்டிக்கொண்டது. ஜெபமாலை கையில் இருந்தும் வாயில் மங்கள வார்த்தை ஜெபம் வரவில்லை, "ஏன் தாயே, ஏன்?" என்பது மட்டுமே வந்தது. அப்போது ஒரு மூதாட்டி அருகில் அமர்ந்து தண்ணீர் கொடுத்தார். "யாருக்காகம்மா?" என்றார். சொன்னேன். தாம் நாகப்பட்டினம் கடற்கரையைச் சேர்ந்தவர் என்றும், 2004 சுனாமியில் பிள்ளைகள் இருவரையும் கடலுக்குக் கொடுத்தவர் என்றும், ஆண்டுதோறும் பிறப்புப் பூசைக்கு வந்து 26-ஆம் தேதி வரை இங்கேயே தங்கிவிடுவதாகவும் சொல்லிவிட்டு, மீதித் தூரம் முழுவதும் என் தோளைப் பிடித்தபடியே நடந்து வந்தார்.

அந்த டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பப் பெருவிழா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு யோசேப்பும் மரியாவும் எகிப்துக்குத் தப்பியோடிய நற்செய்தி வாசிக்கப்பட்ட அதே காலையில்தான், பூசை முடித்துக் கடற்கரைக்குப் போன திருப்பயணிகளை அலை வாரிக்கொண்டு போனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை என்பதை நானும் பலரிடம் பெருமையோடு சொல்லியிருக்கிறேன். அந்தப் பாட்டியின் முன்னால் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

நள்ளிரவுத் திருப்பலியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. காரிருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள் என்னும் எசாயாவின் வாசகம் ஒலித்தபோது என் உடல் நடுங்கியது. "உன்னதங்களிலே" பாடத் தொடங்கியதும் மணிகள் முழங்கின. அந்தப் பாட்டி, எல்லாவற்றையும் இழந்த அந்தத் தாய், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து, குரல் கம்மினாலும் விடாமல், சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கப் பாடினார். பாலன் சொரூபத்தைக் குடிலில் கிடத்தியபோது நான் பார்த்தது அந்த முகத்தைத்தான். பிள்ளையை மடியில் ஏந்திய மாதாவே சிலுவையடியிலும் நின்றவள் என்பது சிறுவயதிலிருந்து அறிந்ததே என்றாலும், அன்றுதான் அது எனக்குள் இறங்கியது. அம்மா இறந்தபின் கோயிலில் வாய் திறவாதிருந்த அப்பா என் பக்கத்தில் மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்புவதைத் தள்ளிவைத்து, 26-ஆம் தேதி மௌன ஊர்வலத்தில் பாட்டியோடு நடந்தோம். நினைவுத் தூணருகே அவர் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு, மூன்றாவதை அப்பாவிடம் நீட்டி, "இது உங்க வீட்டம்மாவுக்கு" என்றார். தாயே, நாங்கள் கேட்ட சுகத்தை நீர் தரவில்லை. எங்களைத் தனியே விடவும் இல்லை. உமக்கு நன்றி, எங்கள் இருளில் வந்து பிறந்த உம் திருமகனுக்கு நன்றி, என் தோளைப் பிடித்த அந்தக் கைக்கு நன்றி.