பச்சை விளக்கை நம்பி வீணான ஒரு மணி நேரம்

டெபியன் லினக்ஸ் சர்வரில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தள மென்பொருளை நிறுவி, தரவுக் கோப்புறையைப் பெரிய வட்டுக்கு மாற்றிய பின், அது இணைப்புகளை ஏற்கும் 5432ஆம் போர்ட்டில் இணைப்பு மறுக்கப்படுவதாகவே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. பின்னணியில் ஓடும் அதன் சர்வீஸின் நிலையைக் கேட்டால் பச்சை நிறத்தில் 'ஆக்டிவ்' என்று காட்டியது. அருகிலேயே அடைப்புக்குறிக்குள் 'எக்ஸிடெட்', அதாவது ஓடி முடிந்துவிட்டது, என்று இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. டெபியனில் அந்தப் பொதுச் சர்வீஸ் வெறும் முகப்புதான்; உண்மையான வேலையைச் செய்வது, பதிப்பு எண்ணும் 'மெயின்' என்ற பெயரும் சேர்ந்த தனிச் சர்வீஸ். இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைச் சந்தேகித்து ஒரு மணி நேரத்தை வீணாக்கிய பிறகே (முதலில் பிழைகள் பதிவாகும் லாகைத் திறந்திருக்க வேண்டும்) தரவுத்தளத்தின் உண்மை நிலையைக் காட்டும் 'பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்' கட்டளையை இயக்கினேன், 'டவுன்' (இயங்கவில்லை) என்றது.

லாகின் கடைசி வரிகளில் காரணம் தெளிவாகவே இருந்தது: தரவுக் கோப்புறையின் அனுமதி 0700 (உரிமையாளருக்கு மட்டும்) அல்லது 0750 (குழுவினர் படிக்க மட்டும் கூடுதல் அனுமதி) ஆக இருக்க வேண்டும். புதிய வட்டில் நிர்வாகப் பயனரான ரூட்டாக நான் உருவாக்கிய கோப்புறையோ எல்லோரும் படிக்கக்கூடிய 0755. உரிமையாளரை மறக்காமல் மாற்றிய நான், அனுமதியை மறந்துவிட்டேன். பிறர் எட்டிப்பார்க்கக்கூடிய இடத்தில் தொடங்கவே மாட்டேன் என்னும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்தே இருக்கிறது. அனுமதியை மாற்றும் 'சிஹெச்மோட் 700' கட்டளையைக் கொடுத்துத் தனிச் சர்வீஸைத் தொடங்கியதும் எழுந்துவிட்டது. அடுத்து வந்தது 'பியர்' அங்கீகாரப் பிழை. லினக்ஸ் பயனர் பெயரும் தரவுத்தளப் பயனர் பெயரும் பொருந்த வேண்டும் என்பதால், வேறு பயனராகக் கட்டளைகளை இயக்க உதவும் 'சூடோ' மூலம் போஸ்ட்கிரெஸ் பயனராக மாறி உள்ளே நுழைந்தேன்.