முதலில் கடிதம், பிறகு சுருக்கம்

அரசாங்க உதவித்தொகை கேட்டு வரும் மேல்முறையீட்டுக் கடிதம் திரையில் திறக்கும்போது, செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் முதலில் தெரியக்கூடாது. மூலக் கடிதத்தை, அந்த மொழி தெரிந்த ஓர் அதிகாரி படித்துத் தன் கருத்தை இரண்டு வரியில் பதிய வேண்டும். அதன் பிறகே சுருக்கம் திறக்க வேண்டும். இந்த விதியை எழுதியவன் நான். இன்று கேட்டாலும் இதையேதான் எழுதுவேன் என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லி முடிப்பதற்குள், அந்தக் கடிதங்களைக் கவனிக்கும் பிரிவில் நெடுங்காலமாக வேலை செய்யும் அக்கா கேட்டது வந்து நிற்கும்: "தம்பி, தமிழ்ல எழுதுன ஒரே காரணத்துக்காக அந்தம்மா கூடுதலா காத்திருக்கணுமா?"

விதிப்படி அதற்குப் பதில் சொன்னேன். தவறான மறுப்பைவிடத் தாமதம் மேல் என்றேன். அக்கா மறுத்துப் பேசவில்லை, தலையாட்டவும் இல்லை.

விதி ஏன் வந்தது என்பதை முழுதாகச் சொல்லாமல் அவர் கேள்வியின் கனம் புரியாது. சிங்கப்பூரில் 2019இல் வெளிவந்து 2020இல் திருத்தப்பட்ட செயற்கை நுண்ணறிவு நிர்வாகத்துக்கான மாதிரிக் கட்டமைப்பு, முடிவெடுப்பதில் மனிதருக்கு எவ்வளவு இடம் தர வேண்டும் என்பதை மூன்று வகையாகப் பிரிக்கிறது: முடிவை மனிதரே எடுப்பது, இயந்திரம் எடுப்பதை மனிதர் மேற்பார்வையிட்டுத் தேவைப்பட்டால் தலையிடுவது, மனிதரே இல்லாமல் நடப்பது. தீங்கு நேர எவ்வளவு வாய்ப்பு, நேர்ந்தால் எவ்வளவு கடுமை என்ற இரண்டையும் வைத்து எது பொருந்தும் என்று பார்க்கச் சொல்கிறது. தனியார் நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுதான். ஆனால் அரசாங்க அலுவலகக் கூட்டங்களிலும் இந்தப் பேச்சுதான் ஓடும். "இறுதி முடிவு அதிகாரி கையில்தான்" என்று ஒருவர் சொன்னால் அடுத்த தலைப்புக்குப் போய்விடுவோம்.

அந்த அதிகாரியின் கண் முன்னால் என்ன இருக்கிறது என்று கேட்காமல் விட்டால் அந்த வாக்கியத்துக்கு மதிப்பே இல்லை. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரத்தில் என்ன நடந்தது? இயந்திரம் அதிக ஆபத்து என்று மதிப்பெண் போட்ட கோப்புகளை மனிதர்கள்தான் பரிசீலித்தார்கள். அந்த மதிப்பெண் ஏன் வந்தது என்பது அவர்களுக்குக் காட்டப்படவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஏமாற்றுக்காரர்களாக நடத்தப்பட்டுக் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. அங்கே மனிதர் இல்லாமல் இல்லை. பார்ப்பதற்கு அவருக்கு வேறெதுவும் தரப்படவில்லை.

சுருக்கக் கருவி மதிப்பெண் போடுவதில்லை, பரிந்துரைப்பதில்லை, வெறுமனே சுருக்குகிறது என்பார்கள். மூன்று பக்கத்தை ஐந்து வரியாக்கும்போது எது விடுபடலாம் என்று தீர்மானிப்பதே ஒரு முடிவுதான்.

சோதனைக் கட்டத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். கையால் எழுதிய மூன்று பக்கத் தமிழ்க் கடிதம். முதல் பக்கத்தில் வணக்கம், நலம், எத்தனை வருடமாக அந்த வட்டாரத்தில் இருக்கிறார் என்பது. இரண்டாம் பக்கத்தில் கணவர் பார்த்த வேலை, பிள்ளைகள் படித்த கதை, முன்பு கிடைத்த உதவிக்கு நன்றி. மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில்தான் விஷயம்: மகன் வேலை இழந்துவிட்டார், படிவத்தில் காட்டிய அவருடைய வருமானம் இப்போது வீட்டுக்கு வருவதில்லை. சுருக்கம் அழகாக வந்தது. நீண்டகாலக் குடியிருப்பாளர், முன்பு உதவி பெற்றவர், மகன் வேலை செய்கிறார், மீண்டும் உதவி கேட்கிறார். ஒரு வரிகூடப் பொய்யில்லை, முதல் இரண்டு பக்கங்களின்படி.

மூன்றாம் பக்கம், சுருக்கத்தை எழுதும் செயற்கை நுண்ணறிவு மாதிரியிடம் போய்ச் சேரவே இல்லை. இத்தகைய மாதிரிகள் எழுத்தை டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கும். ஒரு தடவைக்கு இத்தனை துண்டு என்று அமைப்பில் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 'வாடகை' என்ற சொல் கணினிக்குள் ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15 பைட். ஆங்கிலத்தில் அதே பொருளுக்கு 4 பைட் போதும். ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரு துண்டாகவே நிற்கும் இடத்தில், பழைய மாதிரிகள் சிலவற்றில் ஒரு தமிழ்ச் சொல் ஏழெட்டுத் துண்டுகளாகக்கூட உடையும். ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் தாராளமாகக் கொள்ளும் வரம்பு, தமிழில் இரண்டு பக்கத்திலேயே நிரம்பிவிட்டது. மிச்சத்தை அமைப்பு சத்தமில்லாமல் வெட்டியது. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. கிடைத்ததை வைத்து மாதிரி சரளமாக எழுதிக் கொடுத்துவிட்டது.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் கோரிக்கையை முதல் பத்தியில் வைக்கிறார்கள். நம் பெரியவர்கள் அப்படி எழுதுவதில்லை. எடுத்த எடுப்பிலேயே கேட்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்கள். வாலை வெட்டினால் அவர்கள் கடிதத்தில்தான் உயிர் போகும்.

சராசரி மதிப்பெண்ணில் இது தெரியாது. நூறு கடிதத்தில் நான்குதான் தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் தவறிப்போனாலும் அறிக்கையில் 96 விழுக்காடு என்று வரும். அதனால் மொழிவாரியாகவும், கையெழுத்து, தட்டச்சு என்று வகைவாரியாகவும் தனித்தனியே சோதிக்கச் சொன்னோம். வரம்பு உயர்த்தப்பட்டது. எந்தப் பக்கத்திலிருந்து சுருக்கத்துக்கு ஒரு வரிகூட வரவில்லை என்று காட்டும் குறியீடு சேர்க்கப்பட்டது. சுருக்கத்தின் ஒவ்வொரு வரியையும் தொட்டால் கடிதத்தின் அந்த இடம் திறக்கும்படி செய்தார்கள். இப்போதுள்ள மாதிரிகள் தமிழை முன்பைவிடச் சிக்கனமாக உடைக்கின்றன. ஏஐ சிங்கப்பூர் உருவாக்கிய சீ-லயன் போன்ற வட்டார மாதிரிகள் தமிழையும் கணக்கில் எடுத்தே பயிற்றுவிக்கப்படுகின்றன.

அப்படியானால் விதியைத் தளர்த்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். நான் தளர்த்தவில்லை. சரிசெய்தது நாங்கள் கண்ட பிழையை மட்டும்தானே. அதன் பிறகும் சில்லறைப் பிழைகள் வந்துகொண்டே இருந்தன. 'போன வருஷம் ஜூன்' என்று எழுதியதை, கடிதத்தின் தேதியைப் பார்க்காமல் வேறு ஆண்டாக்கிவிடும். மாதத்துக்கு 400 வெள்ளி என்பதில் 'மாதத்துக்கு' காணாமல் போகும். ஸ்கேன் செய்த எழுத்தில் கோடு ஒன்று மங்கினால் 'வரவில்லை' வேறெதுவோ ஆகும். தனிநபர் விவரங்களை மறைப்பதிலும் இதே கதை. அடையாள அட்டை எண்ணை மறைப்பது எளிது, அதற்கு நிலையான வடிவம் உண்டு. பெயரை மறைக்கும் கருவியோ குடும்பப் பெயரைத் தேடும். அப்பா பெயரோடு எழுதும் தமிழ்ப் பெயரில் பாதியை மறைத்துப் பாதியை அப்படியே விட்டுவிடும்.

2021 அக்டோபரில் சுகாதார அமைச்சின் இணையத்தளத்தில் இருந்த 'ஆஸ்க் ஜேமி' உரையாடல் கருவி, கொவிட் பற்றிய கேள்விக்குப் பாதுகாப்பான உடலுறவு பற்றி ஆலோசனை சொன்னது. படம் பிடித்துப் பலரும் பகிர்ந்தார்கள், கருவி நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் பிழை எல்லார் கண்ணிலும் பட்டது. சுருக்கத்தில் விடுபட்ட பத்தி யார் கண்ணிலும் படாது. எழுதியவர் சுருக்கத்தைப் பார்க்கப் போவதில்லை. பார்க்கும் அதிகாரிக்கு அப்படியொரு பத்தி இருந்ததே தெரியாது.

வரிசை முக்கியம் என்று நான் பிடிவாதம் பிடித்தது இதனால்தான். சுருக்கத்தை முதலில் படித்தவர் பிறகு கடிதத்தைத் திறந்தாலும், சுருக்கம் சொன்னது அங்கே இருக்கிறதா என்றே தேடுவார். இருக்கும். மூடிவிடுவார். இதைச் சோதிப்பது கடினமல்ல: தெரிந்தே ஒரு முக்கிய விவரத்தை நீக்கிய சுருக்கங்களைப் பயிற்சிக் கோப்புகளில் கலந்துவைத்து, எத்தனை பேர் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். இயந்திரத்தோடு அதிகாரிகள் ஏறக்குறைய எப்போதும் ஒத்துப்போகிறார்கள் என்று புள்ளிவிவரம் காட்டினால், கருவி நன்றாக இருக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம், யாரும் படிக்கவில்லை என்றும் கொள்ளலாம். அதிகாரி தன் கருத்தை முன்கூட்டியே பதிந்திருந்தால்தான் இரண்டில் எது என்று சொல்ல முடியும். எந்த மாதிரியின் எந்தப் பதிப்பு, அதற்குக் கொடுத்த கட்டளை (பிராம்ப்ட்) எது, எந்த நேரம் என்பதும் கோப்பிலேயே பதிவாக வேண்டும். மாதிரியை விற்பனையாளர் புதுப்பித்துவிட்டால், ஆறு மாதம் கழித்து அதே கடிதத்துக்கு வேறு சுருக்கம் வரும். அன்று அதிகாரி எதைப் பார்த்து முடிவெடுத்தார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

இதுவரை என் பக்கம். இதில் ஒரு வரியையும் மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

அக்காவின் பக்கத்துக்கு வருகிறேன். "அந்த மொழி தெரிந்த ஓர் அதிகாரி" என்று விதியில் நான் சேர்த்த சொற்கள் நடைமுறையில் என்ன செய்தன? ஆங்கிலக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், வந்த அன்றே திறப்பார்கள். தமிழ்க் கடிதம், தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு சிலரின் மேசைக்குத்தான் போகும். அவர்களுக்குச் சொந்த வேலையும் இருக்கிறது. அக்கா அவர்களில் ஒருவர். அவர் விடுப்பில் போனால் வரிசை அப்படியே நிற்கும். தமிழில் எழுதுபவர்களின் கடைசிப் பத்தி தொலையக்கூடாது என்று கொண்டுவந்த விதி, தமிழில் எழுதுபவர்களையே மற்றவர்களைவிட நீண்ட வரிசையில் நிறுத்திவிட்டது. அவர்கள்தான் பெரும்பாலும் வயதானவர்கள், அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கில் தாமே நுழைந்து நிலவரம் பார்க்கத் தெரியாதவர்கள்.

"மொழிபெயர்ப்பைப் போட்டு யாராவது ஆரம்பிக்கட்டும். சந்தேகம்னா எங்கிட்ட அனுப்பட்டும்" என்றார் அக்கா.

"மொழிபெயர்ப்பும் இயந்திரம்தானேக்கா. அதுல போனது போனதுதான். சந்தேகமே வராதே."

"சரி. வாடகைக்கு கெடு ஒண்ணாம் தேதி. அது உங்க விதியைப் பாத்து நிக்குமா?"

நிற்காது. பிழைக்கு எதிராக என்னிடம் வாதம் இருந்த அளவுக்குத் தாமதத்துக்கு எதிராக இல்லை. ஏன் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. நாங்கள் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவங்களில் துல்லியம், விளக்கத்தன்மை, பாரபட்சம், தரவுப் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. அரசாங்க அமைப்புகளுக்குத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்றாலும் 2018இன் பொதுத்துறை நிர்வாகச் சட்டம் இருக்கிறது. தரவை அனுமதியின்றி வெளியிட்டால் அதிகாரிக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். தரவைக் காக்க நாங்கள் எடுக்கும் அக்கறை குறைந்ததல்ல. பாதுகாப்பு ஏற்பாடே உண்டாக்கும் காத்திருப்பை எழுதத்தான் கட்டம் இல்லை. கருவி செய்யும் தீங்கு எங்கள் கணக்கில் வருகிறது. கருவியைத் தடுத்து நிறுத்துவதால் வரும் தீங்கு 'வழக்கமான தாமதம்' என்ற பெயரில் வேறு யாருடைய கணக்குக்கோ போய்விடுகிறது.

ஆனாலும் தாமதமும் தவறான மறுப்பும் ஒன்றல்ல. தாமதமான பணம் பிறகாவது வரும். மறுத்துக் கடிதம் போனால், அந்த வயதில் மறுபடி எழுத எத்தனை பேர் வருவார்கள்? மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போய் நாடாளுமன்ற உறுப்பினரிடம் சொல்பவர்கள் உண்டு. போகாதவர்களைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்? இப்படி வாதிடும்போது உறுதியாக இருக்கிறேன். உதவி எப்படியும் கிடைத்திருக்கக்கூடிய ஒருவர், என் விதியால் காத்திருந்ததைத் தவிர வேறொன்றும் பெறவில்லை என்று நினைக்கும்போது உறுதி போய்விடுகிறது. அவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால்கூட ஒரு பக்கம் சாயலாம். கடைசிப் பத்தியால் காப்பாற்றப்பட்டவர்களையும் வீணாகக் காத்திருந்தவர்களையும் ஒரே தராசில் வைக்க முடியுமா என்பதிலேயே எனக்குத் தெளிவில்லை.

நடுவழி ஒன்று பேசினோம். அவசரக் கடிதங்களை மட்டும் சுருக்கத்தோடு முன்னே அனுப்பலாம், சாதகமான முடிவை மொழிபெயர்ப்பை வைத்தே எடுக்கலாம், மறுப்பதென்றால் மட்டும் மூலத்தைப் படித்தே ஆக வேண்டும். இரண்டாம் பாதி எனக்குப் பிடித்திருக்கிறது. தவறாகக் கொடுப்பதன் விலை, தவறாக மறுப்பதன் விலையைவிடப் பெரும்பாலும் குறைவு. முதல் பாதியில் சிக்கல். எது அவசரம் என்று தீர்மானிப்பது யார்? மறுபடியும் அந்தக் கருவிதான், மறுபடியும் கடைசிப் பத்தியைப் பார்த்தாக வேண்டும்.

இதற்கிடையில் வந்துசேரும் கடிதங்களே மாறிக்கொண்டிருக்கின்றன. பேரப்பிள்ளைகள் தொலைபேசியில் செயற்கை நுண்ணறிவை வைத்து ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். கோரிக்கை முதல் பத்தியில், மூன்று காரணம், நன்றி. இயந்திரத்துக்கு மிகவும் வசதியான கடிதம். பாட்டி சொல்ல நினைத்தது அதில் முழுதாக இருக்கிறதா என்பதற்கு எங்களிடம் விதி எதுவும் இல்லை.

ஏற்பாடு மறுபரிசீலனைக்கு வரவிருக்கிறது. மறுக்கும் முடிவுக்கு மூலக் கடிதம் கட்டாயம், ஏற்கும் முடிவுக்கு மொழிபெயர்ப்பு போதும் என்று பரிந்துரைக்கப் போகிறேன். மாதந்தோறும் ஒரு பங்கு கோப்புகளைச் சுருக்கமே காட்டாமல் படிக்க வைத்து ஒப்பிடவும் கேட்பேன். அவசரம் என்று பிரிக்கும் வேலையைக் கருவியிடம் கொடுப்பதை எதிர்ப்பேன். அக்கா ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: துல்லிய விகிதம் போடும் ஒவ்வோர் அட்டவணையிலும், பக்கத்திலேயே, மொழிவாரியாக எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்ற பத்தியும் வேண்டும். அந்தப் பத்தி என் விதிக்கு எதிராகப் பேசும் என்பது எனக்குத் தெரியும். சேர்த்திருக்கிறேன்.