மூக்கு வழியே ஆங்கிலம்

கல்லூரி நாட்களைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழு கேட்டது. கிரிக்கெட் போட்டிகளையும் விடுதிச் சாப்பாட்டையும் மற்றவர்கள் எழுதுவார்கள். எழுபதுகளில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த சேரைப் பற்றி நான் எழுதுகிறேன். அவர் பெயர் அச்சில் வருவதை விரும்பாதவர். அன்று உயர்தர வகுப்பில் இருந்தவர்களுக்கு ஆள் யாரென்று உடனே விளங்கிவிடும்.

நாங்கள் எல்லாப் பாடங்களையும் தமிழிலேயே படித்தவர்கள். ஆங்கிலம் என்றால் சொற்களையும் கருத்தையும் பாடமாக்கி ஒப்புவிப்பது, அவ்வளவுதான். அந்தப் பயத்தைத் தெளிவிக்க சேர் பிடித்த வழி மூக்கு. கரும்பலகையில் ஸ்னீஸ், ஸ்னோர், ஸ்னோர்ட், ஸ்னிஃப், ஸ்னவுட் என்று எழுதினார். தும்மல், குறட்டை, மூக்கால் சீறுவது, முகர்வது, பன்றியின் நீண்ட மூக்கு. "மூக்கிலே விரலை வைத்துக்கொண்டு முதல் இரண்டு எழுத்தையும் சொல்லிப் பாருங்கோ" என்றார். விரலில் அதிர்வு தெரிந்தது. அப்புறம் பலகையின் மறுபக்கத்தில் மூக்கு, மூச்சு, மோப்பம், முகர்தல் என்று தமிழில் எழுதினார். எங்கள் மொழி மகரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர்கள் மொழி எஸ்ஸுக்குப் பின்னால் வரும் னகரத்தைப் பிடித்திருக்கிறது. இரண்டும் மூக்கால் வருகிற ஒலிகள்தான். அன்றைக்குப் பிறகு அந்தச் சொற்களை யாரும் பாடமாக்கவில்லை. தாமாகவே மனதில் நின்றுவிட்டன.

தும்மலின் கதையை அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் எஸ் எழுத்தில் தொடங்கவில்லை, எஃப் எழுத்தில் தொடங்கியது: ஃப்னேயோசன். பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சோசர் எழுதியபோதுகூட, தடிமன் பிடித்துத் தும்முகிற சமையற்காரனுக்கு எஃப் போட்ட சொல்லைத்தான் போட்டார். ஆனால் அப்படித் தொடங்கும் சொற்கள் மொழியில் அருகிக்கொண்டே வந்தன. அந்தக் காலத்தில் எஸ்ஸை நீட்டி எழுதும் வழக்கமும் இருந்தது. நீட்டிய எஸ்ஸும் எஃப்பும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பழக்கமில்லாத சொல்லைக் கண்டவர்கள் எஸ் என்று வாசித்தார்கள், ஸ்னோரும் பக்கத்திலேயே இருந்தது, சொல் மாறிப்போனது. ஆங்கிலேயரே பிழையாக வாசித்து அமைந்த சொல் என்று கேட்டதும் எங்களுக்கு எவ்வளவு தைரியம் வந்தது! வகுப்பில் வாயே திறக்காத பொடியன்கள் அன்று கேள்வி கேட்டார்கள்.

மூக்குப்பொடிக்கான ஸ்னஃப் ஒல்லாந்தர் மொழியிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தர் 1658இல் பிடித்ததும் அதே நூற்றாண்டில்தான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது கபச்சுரப்பி. விலங்கியல் புத்தகத்தில் அந்தப் பெயர் இருந்தது. மூளைக்கு அடியில் கிடக்கும் சிறிய சுரப்பி, உடல் வளர்ச்சிக்கான ஓமோனைச் சுரப்பது. அதற்கும் கபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என் பக்கத்து வாங்கு நண்பன் கேட்டான். சேர் ஆங்கிலப் பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டு, பிட்டூயிட்டரி என்ற பெயரைப் பிரித்துக் காட்டினார். பிட்டூயிட்டா என்றால் லத்தீனில் சளி. மூளையில் சேரும் கழிவு இந்தச் சுரப்பி வழியாக இறங்கி மூக்கால் வெளியேறுகிறது என்று இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர் நம்பினார். மனித உடலை அறுத்துப் பார்த்து 1543இல் பெரும் நூல் வெளியிட்ட வெசாலியஸும் அந்தச் சுரப்பியைச் சளியோடு சேர்த்தே பெயரிட்டார். தடிமனைக் குறிக்கும் கட்டார் என்ற சொல்லுக்கும் கிரேக்கத்தில் கீழே வழிந்து இறங்குவது என்றுதான் பொருள். மூக்குக்கும் மூளைக்கும் இடையிலுள்ள எலும்பைச் சல்லடை என்ற பொருளில் எத்மொயிட் என்றார்கள். அதன் துளைகளால் இறங்குவது சளியல்ல, மணத்தை அறியும் நரம்புகள். மூக்குச்சளி மூக்கின் உட்தோலிலேயே ஊறுகிறது என்று பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் கொன்ராட் ஷ்னைடர் நிறுவினார். நம்பிக்கை போய்விட்டது, பெயர் போகவில்லை. எமது கலைச்சொல்லாளர்கள் லத்தீனை நேராகத் தமிழாக்க, கேலனின் நம்பிக்கை எங்கள் விலங்கியல் கொப்பி வரை வந்து சேர்ந்தது. நான் பிறகு மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலைக்குப் போனதற்கு அந்த ஒரு பாடவேளையும் ஒரு காரணம்.

நொஸ்ட்ரிலுக்குள் த்ரில் இருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். திரெல் என்பது துளைக்கான பழைய சொல். மூக்கோடு சேர்ந்து மூக்குத்துளை ஆனது. அதிலிருந்து வந்த துளைத்தல் என்ற வினை, நெஞ்சைத் துளைக்கும் பரவசத்துக்கு ஆகிவந்தது.

லண்டனுக்கு வந்த பிறகு வெஸ்ட் ஹாம் நிலையத்தில் ஷூபரினஸ் போகும் ரயிலின் பெயரைத் தினமும் கண்டேன். அந்தப் பெயரின் கடைசியில் இருக்கும் நெஸ், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்துக்குப் பழைய பெயர். அது நோஸுக்கு உறவுச்சொல். ஷியர்னஸ், டஞ்சனஸ் என்று தென்கிழக்குக் கரையில் இன்னும் இருக்கின்றன. எசெக்ஸ் கரையில் ஒரு முனைக்கு நேஸ் என்றே பெயர். நாம் கல்முனை என்று முனையை வைத்த இடத்தில் அவர்கள் மூக்கை வைத்திருக்கிறார்கள். நோர்வேயில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழன் சொன்னான், அங்கே நேசே மூக்கு, நேஸ் கடல்முனை. ஜெர்மனியில் இருப்பவர்கள் தடிமனுக்கு ஷ்னுப்ஃபன் என்கிறார்கள், குறட்டை விடுவதற்கு ஷ்னார்ஹன். சேர் கரும்பலகையில் எழுதிய அதே குடும்பம்தான். வடமொழி நாசி, லத்தீன் நாசுஸ், ஆங்கில நோஸ் மூன்றும் ஒரே வேரில் பிறந்தவை என்று அவர் அன்று சொன்னது, சிதறிப்போன எங்கள் ஒவ்வொருவருக்கும் புதுநாட்டு மொழியைப் படிக்கையில் உதவியிருக்கிறது.

சேர் காலமாகிவிட்டார். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிய சொற்குறிப்புக் கொப்பிகளில் என்னுடையது இடப்பெயர்வில் போய்விட்டது. யாரிடமாவது ஒன்று தப்பியிருந்தால், பக்கங்களைப் படமெடுத்து மலர்க்குழுவுக்கு அனுப்புங்கள். அடுத்த மலரில் அவற்றை அப்படியே அச்சிடலாம் என்று குழுவினர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.